ஒன்பது பேருக்கு ஒரே எண்

எங்கள் ஆடு வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் பொய் சொன்னார். கடிதத்தைத் தொலைத்தவர் என்று அவர் வேலையை விட்டு அனுப்பிய எழுத்தர் அக்கா எதையும் தொலைக்கவில்லை.

கோவில்பட்டி அலுவலகத்தில் அக்காவுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. வரும் கடிதத்தை யார் எழுதியது, எந்த ஊர், கைபேசி எண் என்ன, பதில் போனதா என்று கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. "ஏட்டி, எழுதுனவ வழியப் பாத்துக்கிட்டே இருப்பா. மொதல்ல அத ஏத்து" என்று அக்கா என்னை விரட்டிக்கொண்டே இருப்பார். புதூர்ப் பக்கம் ஆண்கள் வெளியூர் வேலைக்குக் கிளம்பினால் வீட்டிலிருக்கும் ஒரே கைபேசியும் அவர்களோடு போய்விடும். மனு எழுதும் பெண்கள் ஊர் டீக்கடைக்காரரின் எண்ணைக் கொடுப்பார்கள். அப்படி, தானும் ஆடு வளர்க்கும் அந்தக் கடைக்காரரையும் சேர்த்து, எங்கள் கணினியில் ஒன்பது பேருக்கு ஒரே எண்.

ஒருநாள் செயலாளர் அதைப் பார்த்துவிட்டார். "ஒரே ஆள ஒம்பது தடவ ஏத்தி வச்சிருக்கிய. என்ன வேல பாக்குதிய?"

"நம்பர்தான் சார் ஒண்ணு, ஆளு ஒம்பது. கடை அண்ணாச்சிட்ட சொன்னா அவிய கூப்பிட்டுச் சொல்லிருவாவ" என்றார் அக்கா.

"அப்ப அந்த அண்ணாச்சியவே இங்கன கொண்டாந்து உக்கார வைப்பமா? எல்லாத்தையும் ஒண்ணாச் சேருங்க."

அக்கா முடியாது என்றார். நான் சேர்த்தேன். ஒன்பது பேரும் டீக்கடைக்காரர் ஒருவராகிப் போனார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் புதூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் வந்து நின்றார். "தடுப்பூசி போட ஆளனுப்பச் சொல்லி எழுதிப் போட்டேனே. பட்டியில பாதி ஆடு போய்ட்டு. ஒரு பதிலு போடக்கூடாதா?" பெயரைத் தேடினோம். இல்லை. அந்தப் பெண் முன்னாலேயே பழியை அக்கா மேல் போட்ட செயலாளர், மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். நான் சேர்த்ததில்தான் அந்தப் பெயர் போயிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. அக்கா இப்போது கயத்தாற்றில் ஒரு துணிக்கடையில் நிற்கிறார். கடிதத்தைத் தொலைத்தவள் என்ற பேச்சு அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சென்ற வாரம் டீக்கடைக்காரர் தன் மனுவைப் பற்றிக் கேட்டார். அவருடைய பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பெண்ணின் கடிதம் அதற்குள் கிடந்தது. வந்த அன்றே அக்கா ஏற்றியிருக்கிறார். டீக்கடைக்காரரின் பழைய மனு ஒன்றுக்கு அனுப்பிய பதிலை வைத்து, அந்தப் பெண்ணுக்கும் பதில் போய்விட்டதாகக் கணினி காட்டியது. செயலாளரிடம் காட்டினேன். "முடிஞ்ச கதைய ஏன் கிண்டுதிய?" என்றார்.

யாருக்கு முடிந்தது? சேர்க்கச் சொன்னது நீங்கள், சேர்த்தது நான். என் பங்கை எழுதிவிட்டேன். செயலாளரே, வரும் பொதுக்குழுவில் அக்காவையும் அந்தப் பெண்ணையும் முன்வரிசையில் உட்காரவைத்து, எழுந்து நின்று உங்கள் பங்கைச் சொல்லுங்கள்.