சைக்கிள் சுற்றிப் படித்த ஸ்பானிய மொழி

ஸ்பானிய மொழி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, டைனமோவின் தலை சைக்கிள் டயரில் உரசி எழுப்பும் இரைச்சலும் சூடேறிய ரப்பரின் மணமும்தான். போர் நடந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக் குருநகரில் மின்சாரம் இல்லை. மின்கலம், எங்கள் பேச்சில் 'பற்றரி', தடைசெய்யப்பட்ட பொருள். கடலுக்குப் போகவும் தடை என்பதால், மீன்பிடித்துப் பிழைத்த என் அப்பா பகல் முழுவதும் வாசலுக்கும் தெருப் படலைக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பார். கப்பலில் வேலைசெய்த மாமா ஏதோ ஒரு ஸ்பானியத் துறைமுகத்தில் வாங்கி, பாதைகள் மூடப்படுவதற்கு முன் அனுப்பியிருந்த வீடியோ விளையாட்டுப் பெட்டி, கைக்குள் அடங்கும் சின்னச் சாமான், தகர 'றங்குப் பெட்டி'க்குள் உயிரில்லாமல் கிடந்தது. றேடியோ திருத்தும் அயலவர் ஒருவரைப் பிடித்து அதை டைனமோவோடு இணைப்பித்த அப்பா, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் பெடலைச் சுற்றத் தொடங்கினார். அவர் கை ஓய்ந்தால் திரை அணைந்துவிடும். ஆட்டம் மறுபடி முதலிலிருந்து.

கோட்டைக்குள் அடைபட்ட ஒருத்தி வெளியேற வழி தேடுவதுதான் ஆட்டம். எழுத்தெல்லாம் ஸ்பானியம். 'மேசா' மேசை, 'சபாத்தோ' சப்பாத்து, 'அர்மாரியோ' அலுமாரி என்று, போர்த்துக்கேயர் எங்கள் வீடுகளில் விட்டுப்போன சொற்களைப் பிடித்துக்கொண்டு அக்காவும் நானும் உள்ளே நுழைந்தோம். மற்றவற்றை நடப்பதை வைத்து ஊகித்தோம். பூதம் அடித்து விழுத்தும்போதெல்லாம் ஓர் எண் குறைந்ததால் 'விதா' என்றால் உயிர். மருந்து குடித்ததும் மதிலை உடைக்க முடிந்ததால் 'ஃபுவெர்த்தே' என்றால் பலசாலி. திறக்காத கதவுகளில் எல்லாம் வந்ததால் 'செர்ராதோ' என்றால் பூட்டியது.

"என்னவாம் பிள்ளை?" என்று அப்பா சுற்றியபடியே கேட்பார்.

"கதவு பூட்டாம், அப்பா."

"அங்கையும் பூட்டோ?"

அவர் சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டார். "மனிசர் வெளிக்கிட வழியில்லாமல் கிடக்கினம், உங்களுக்கு உது விளையாட்டு" என்பார்.

ஒரு காலை, சந்தைக்குப் போன அப்பாவின் தொடையில் 'செல்' குண்டின் துண்டு பாய்ந்தது. நாங்கள் ஓடிப்போனபோது ஆஸ்பத்திரி விறாந்தை முழுவதும் காயக்காரர். அப்பாவின் காயத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்த வெளிநாட்டுப் பெண் மருத்துவர், அவ்வளவு நேரமும் ஆங்கிலத்தில் கதைத்தவர், பதற்றத்தில் தன் மொழியில் கத்தத் தொடங்கினார். பணியாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு இரண்டு சொல் விளங்கியது: 'அர்மாரியோ', 'செர்ராதோ'.

"அலுமாரி பூட்டிக் கிடக்காம்! திறப்பு வேணுமாம்!" என்று கத்தினேன். பணியாளர் ஓடிப்போய்த் திறப்பைக் கொண்டுவந்து அலுமாரிப் பூட்டைத் திறந்தார்.

இரத்தம் நின்ற பிறகு, அப்பாவைக் காட்டி, எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் கேட்டேன்: "விதா?"

மருத்துவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு முழந்தாளிட்டு ஒரு விரலைக் காட்டினார். "உனா." ஒன்று. அப்பாவின் வலை இழுத்து முறுக்கேறிய புயத்தைத் தொட்டு, "ஃபுவெர்த்தே" என்றார். அதுவரை அழாமல் இருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

அப்பா பிழைத்து, ஒரு காலை இழுத்தபடி நெடுங்காலம் இருந்தார். தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது பெட்டியும் சைக்கிளும் வீட்டோடு போயின. கோட்டைக்காரி வெளியேறியதை நாங்கள் காணவேயில்லை. அப்பாவும் இப்போது இல்லை. காயக்காரரைக் கிடத்திய அந்த விறாந்தையை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். அந்த மருத்துவர் யார் என்று இன்றுவரை தெரியாது; ஒருவரிடம் பெயர் கேட்கும் வசனம் அந்த ஆட்டத்தில் எங்குமே வரவில்லை.

போன மாதம், இந்த வயதில், ஸ்பானிய வகுப்பொன்றில் சேர்ந்தேன். 'உங்கள் பெயர் என்ன?' என்பதுதான் முதற்பாடம்.