இரண்டு வரைவுகள்

ஆளுநருக்கே சட்ட ஆலோசனை சொல்கிறவன் நான் என்று ஓசூரில் எங்கள் தெருவே நம்பியது. சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்து இறங்கியதும் மளிகைக் கடைக்காரர், "கவர்னர் சௌக்கியமாங்க சார்?" என்பார். நான் ஆளுநரைப் பார்த்ததே குடியரசு தின விழாவில், பந்தலின் கடைசி வரிசையிலிருந்துதான். ஆனாலும் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டி வைப்பேன்.

நான் எழுதுவது அவர் மேசைக்குப் போனது என்னவோ உண்மை. அரசுச் சட்டத் துறையில், ஆயுள் கைதிகளின் கருணை மனுக்களுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு வரைவுகள் எழுதி, மேலதிகாரியிடம் காட்டித் தயாராக வைத்திருப்பேன். விடுவிக்கலாம் என்று ஒன்று, நிராகரிக்கலாம் என்று ஒன்று. எந்தப் பக்கம் என்று மேலேயிருந்து வாய்வார்த்தையாகத் தகவல் வரும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு மற்றதைக் கிழித்துவிடுவேன். இருபது வருஷம் இதைத் திறமை என்றே நினைத்திருந்தேன்.

நான்கு வழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின் தெருப் பெண் ஒருத்தி, கம்பெனிச் சீருடையோடு எங்கள் கேட்டருகே வந்து நின்றாள். வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் அவளுக்கு பேக்கிங் வேலை. பர்கூர்ப் பக்கம் கல் குவாரியில் நடந்த சண்டையில் ஒருவனைக் கொன்றுவிட்டு, அவள் கணவன் பதினொரு வருஷமாகச் சிறையில் இருந்தான். இப்போது சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன.

"மனு உங்ககிட்டத்தான் வருமாம்ங்க சார். இருக்கிற வரைக்கும் வூட்ல இருக்கட்டுங்க. நான் பாத்துக்கறேன். வேற ஒண்ணும் கேக்கலைங்க."

தெரிந்தவர் விவகாரம் என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். ஏதாவது செய்ய முடியும் என்று ஒரு நப்பாசை. விடுவிக்கலாம் என்ற வரைவை உயிரைக் கொடுத்து எழுதினேன். மற்றதை வேண்டுமென்றே சொதப்பினேன். மேலதிகாரி அதை மட்டும் திருப்பி அனுப்பினார். "உங்க எழுத்து மாதிரியே இல்லையே, சரி பண்ணுங்க." சரி பண்ணினேன். நன்றாகவே வந்துவிட்டது.

இரண்டு நாளில் தகவல் வந்தது. நிராகரிப்பு. ஒன்றில் கையெழுத்திட்டேன், மற்றதைக் கிழித்தேன். உடனே அடுத்த கோப்பை எடுத்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

அடுத்த மாதம் சிறையிலிருந்து வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். மனு நிராகரிக்கப்பட்டது என்று ஒரே வரிதான். படித்துச் சொன்னேன். கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டாள்.

"நீங்க என்ன எழுதுனீங்க சார்?"

ஆளுநருக்கு என்ன ஆலோசனை தரப்பட்டது என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. அரசியல் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதை எடுத்துக்காட்டி நீதிமன்றத்தில் எத்தனையோ பேரின் வாயை அடைத்திருக்கிறேன். அவள் முன்னால் என் வாய்தான் அடைத்துப்போனது.

நான் விழிப்பதைப் பார்த்து அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். "விடுங்க சார். வெளிய விடலாம்னுதான் எழுதியிருப்பீங்க. மேல இருக்கறவங்க மாத்திட்டாங்க. உங்களால என்னங்க பண்ண முடியும்?"

அப்படியும்தான் எழுதியிருந்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஷிப்ட் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.