மைக்கைப் பிடித்த கை

மோட்டார் பந்தயத்தை வானொலியில் சொல்ல இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேடைமேல் நிழலில் உட்கார்ந்து, யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இன்னொருவர் கீழே நிற்பார். ஓட்டத்தின் நடுவில் வண்டிகள் வந்து நின்று சக்கரம் மாற்றி, பெட்ரோல் ஊற்றிக்கொண்டு போகிற இடத்துக்குப் 'பிட்' என்று பெயர். நீண்ட ஒயரோடு கூடிய மைக்கை இழுத்துக்கொண்டு அந்த பிட்டில் வெயிலில் அலைவதுதான் இரண்டாமவரின் வேலை. அலைந்தவன் நான்.

அறுபதுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் இந்த வேலை எனக்கு வந்தது. பகலில் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. பந்தயம் வருஷத்தில் ஒன்றோ இரண்டோ நடக்கும், மற்ற நாட்களில் கால்பந்தும் வாலிபாலும். மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு சைக்கிளே ஒழுங்காக ஓட்ட வராது. காதருகே என்ஜின் அலறும்போதும் குரல் ஏறாமல், தடுமாறாமல் பேச என்னால் முடிந்தது. அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

பந்தய வண்டிகளுக்கு அந்தக் காலத்தில் ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள். அது எரிகிற புகை சட்டையில் ஏறினால் இரண்டு தடவை துவைத்தாலும் போகாது. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்குள் நான் நுழையும்போதே அம்மா உள்ளிருந்து, "வெளக்கெண்ண வந்தாச்சு" என்பாள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். நான் பேசும் நாளில் ரேடியோவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாராம். என் பகுதி முடிந்ததும், யார் ஜெயித்தார்கள் என்றுகூடக் கேட்காமல் அணைத்துவிடுவாராம். இதுவும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிட்டில் என் முக்கியமான வேலை ஒரே ஒரு கேள்வி. வண்டி நின்று போனவன், விழுந்து எழுந்தவன், கடைசிச் சுற்றில் தோற்றவன் எவனாக இருந்தாலும், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நான் அவன் முன்னால் நிற்க வேண்டும். நின்று, "என்ன ஆச்சு?" என்று மலையாளத்தில் கேட்க வேண்டும். அடி வாங்கியவனிடம் போய் வலிக்கிறதா என்று கேட்கிற உத்தியோகம். முதல் ஒன்றிரண்டு வருஷம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. எதிராளி அழுதாலும் என் முகத்தில் ஒன்றும் ஓடாது. ரேடியோவில் முகம் எதற்கு?

எண்பதுகளில் ஊருக்குத் தொலைக்காட்சி நிலையம் வந்தது. வாராவாரம் ஒரு விளையாட்டு நிகழ்ச்சி நடத்த ஆள் தேடினார்கள். அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் சென்னையில் சில காலம் இருந்துவிட்டு வந்த மலையாளி. என்னைக் கூப்பிட்டு, மண் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கப்போகிறது, பிட்டில் நின்று பேட்டி எடுங்கள், அது நன்றாக வந்தால் நிகழ்ச்சி உங்களுக்கு, இல்லாவிட்டால் ஒரு காலேஜ் வாத்தியார் காத்திருக்கிறார் என்றார். அந்த வாத்தியாரை நான் பார்த்திருக்கிறேன். சினிமாவில் நடிக்கக் கூப்பிடலாம், அப்படி ஒரு முகம். எனக்கு அந்த நிகழ்ச்சி வேண்டும் என்று இருந்தது. வாழ்க்கையில் வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதாக நினைவில்லை.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பா போய்விட்டார். காலையில் காபியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா டம்ளரை எடுக்க வந்தபோது காபி அப்படியே இருந்தது.

நான் மூத்த பிள்ளை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். சாஸ்திரிகள் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன், சொன்ன இடத்தில் எழுந்தேன், ஈர வேஷ்டியோடு எள்ளும் தண்ணீரும் விட்டேன். கண்ணில் மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. கிழக்கேகோட்டையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்த உறவுக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். என் காதுபடவே ஒரு அத்தை, "நெஞ்சழுத்தக்காரன்" என்றாள். அம்மா அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கிணற்றடியில் என்னைத் தனியாகப் பிடித்து, "ஒரு தடவை அழுதுடேன்டா, எனக்கு பயமா இருக்கு" என்றாள். நானும் முயன்று பார்த்தேன். அப்பாவின் செருப்பைப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு ஈறை நாக்கால் தடவிப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது. இடம் இருக்கிறது, உணர்ச்சி இல்லை.

ஏழாம் நாள் பந்தயம். நிலையத்துக்கு நான் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. சொன்னால் அந்த காலேஜ் முகத்தைக் கூப்பிட்டுவிடுவார்கள். காலைக் கர்மம் முடிந்ததும் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"போ. இங்க ஒக்காந்துண்டு மோட்டுவளைய பாக்கறதுக்கு அங்கயாவது போ. ஆனா தாடில மாத்ரம் கை வெக்காதே. பத்து கழியட்டும்."

தீட்டு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் இறங்கிப் போனேன்.

பந்தய மைதானத்தில் தயாரிப்பாளர் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் மேக்கப்காரர் பவுடர் டப்பாவோடு நின்றார்.

"சாரே, இதென்னா கோலம்? டிவியாக்கும் இது, ரேடியோ இல்லா. ஈ தாடி வெச்சிட்டு எங்ஙனெ காட்டறது?"

நான் பதில் சொல்வதற்குள் மேக்கப்காரரிடம் ஷேவிங் செட் கொண்டுவரச் சொன்னார். என்னை ஒரு பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார வைத்து, கழுத்தில் ஒரு துண்டையும் சுற்றிவிட்டார்கள். மேக்கப்காரர் சோப்பை நுரைத்துக்கொண்டு குனிந்தார். பிரஷ் கன்னத்தில் படுகிற தூரத்தில் வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம். பத்தாம் நாள் வரைக்கும் பண்ணிக்கப்படாது. அப்பா போயிட்டார்."

அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏழாம் நம்பர் வண்டி விலகிவிட்டது என்று ரேடியோவில் சொல்வேனே, அதே குரலில் வந்தது.

"எப்போ?"

"இன்னியோட ஏழு நாள்."

"எந்நிட்டும் வந்நோ?" என்றார். அப்படியிருந்துமா வந்தீர்கள் என்று அர்த்தம். திட்டுகிறாரா, இரக்கப்படுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"வரல்லேன்னா வேறொருத்தருக்குக் குடுத்துடுவேளே."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கேமராக்காரரோடு தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தார். முகம் வேண்டாம், ஓட்டக்காரரை மட்டும் காட்டுவோம், ஓரத்திலிருந்து உங்கள் கையும் மைக்கும் மட்டும் உள்ளே வரட்டும் என்றார். துண்டை உருவி எறிந்துவிட்டு எழுந்தேன். என் தெருவில் முதல்முதலாக டிவியில் தோன்றப் போகிறவன் கையோடு நின்றுவிட்டான் என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது.

அன்றைக்கு முதலில் வந்துகொண்டிருந்தவர் பக்கத்து ஊரான கழக்கூட்டத்தில் சின்ன ஒர்க்ஷாப் வைத்திருந்த ஓர் இளைஞர். கடைசிச் சுற்றில் அவருடைய என்ஜின் இறுகி நின்றுவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டே பிட்டுக்கு வந்து, மண்ணில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றினார். புழுதி அப்பிய முகத்தில் கண்ணீர் வழி போட்டிருந்தது. நான் மண்டியிட்டு மைக்கை நீட்டி, வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"ஒந்நும் மனசிலாயில்லா சாரே," என்றார், ஒன்றும் புரியவில்லை என்று. "நல்லா ஓடிக்கிட்டிருந்தது. ஒரு சத்தம்கூட இல்லாம நின்னு போச்சு."

அப்பாவும் அப்படித்தான் போனார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர, வேறு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பந்தயத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். வருவேன் என்றார். அவருக்கு நன்றி சொல்லி முடித்தேன். பிறகு தயாரிப்பாளர் வந்து, குரல் பிரமாதம் என்று சொல்லித் தோளைத் தட்டினார். தீட்டுக்காரனைத் தொட்டுவிட்டாரே, போய்க் குளிக்கச் சொல்லவா என்று யோசித்து, பேசாமல் இருந்துவிட்டேன்.

பதின்மூன்று நாள் காரியமும் முடிந்து, மழுமழுவென்று சிரைத்த முகத்தோடு நிலையத்துக்குப் போனேன். தயாரிப்பாளர் கதவைச் சாத்திவிட்டு டேப்பை ஓடவிட்டார்.

திரையில் அந்த இளைஞரின் முகம். ஓரத்திலிருந்து ஒரு கை மைக்கோடு உள்ளே வந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சநஞ்சமாக இல்லை. மைக் அவருடைய மோவாயில் போய்ப் போய் இடித்தது. குரல் என்னவோ என்னுடைய வழக்கமான குரல்தான், ஒரு பிசிறு கிடையாது. அவர் பேசிக்கொண்டே தன் கையைத் தூக்கி, என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பேட்டி முடியும் வரைக்கும் அவர் விடவில்லை. தோற்றுப்போய் அழுதுகொண்டிருந்தவர், என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒன்று நடந்ததே எனக்கு நினைவில் இல்லை. இன்று வரைக்கும் நினைவுக்கு வரவில்லை.

தயாரிப்பாளர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"இதை இப்படியே விட்டா, மேலே உள்ளவங்க இந்த ஆளையா எடுத்தீங்கன்னு கேப்பாங்க. கையை வெட்டிட்டு அங்கே வண்டியோட படத்தை வெக்கலாம். சத்தம் மாத்ரம் இருக்கும். சார்தான் பறயணும், என்ன செய்யட்டும்?"

"வெட்டிடுங்கோ" என்றேன். யோசித்துச் சொன்னதாகச் சொல்ல முடியாது. அந்த டேப்பைப் பிறகு அழித்து, அதன்மேல் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். அப்போதெல்லாம் டேப்புக்குப் பஞ்சம். எல்லாவற்றையும் அப்படித்தான் செய்வார்கள். நிகழ்ச்சி எனக்கே கிடைத்தது. பல வருஷம் என் முகம் அதில் வந்தது. கடைத்தெருவில் தெரியாதவர்களும் சிரித்தார்கள்.

முதல் ஒளிபரப்பை எதிர்வீட்டு டிவியில் பார்த்தோம். அம்மா எங்கள் வாசலைத் தாண்டி வர முடியாத காலம் அது. எதிர்வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். பெட்டியைத் தெருப்பக்கம் திருப்பி, சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். அம்மா உள்ளே ஜன்னலோரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். வண்டிகள் ஓடின, புழுதி பறந்தது, இளைஞர் அழுதார், என் குரல் கேட்டது. கையும் இல்லை, நானும் இல்லை.

முடிந்ததும் எதிர்வீட்டில் கை தட்டினார்கள்.

"நன்னா பேசினே," என்றாள் அம்மா. பிறகு, "ஏழாம் நாள்தானே அது? ஒரு எடத்துல கூட ஒனக்குத் தொண்டை அடைக்கல்லையேடா."

"கை நடுங்கித்தும்மா" என்றேன்.

அம்மா திரும்பி என் கையைப் பார்த்தாள். அது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது.