நனைந்த சரித்திரப் படங்கள்

ஐம்பத்தைந்தாம் வருஷம் கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் ஊற்றியது. நான்காம் நாள் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தைத் திறந்தபோது, ஓடு உடைந்து சரித்திர வகுப்பு அலமாரிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. உள்ளே முப்பத்தெட்டுப் படங்கள். பிரமிடு, பாபிலோன் நகர வாசல், கிரேக்க ஜாடி, சீனப் பெருஞ்சுவர், ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த போர்த்துக்கீசியர் கப்பல். ஊரை விட்டுப் போன ஒரு துரைசானி கொடுத்துவிட்டுப் போன, சீமையில் அச்சடித்த பெரிய படங்கள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஊறிய அப்பளக் கட்டு மாதிரிக் கிடந்தன.

"ஆயா, இதை அள்ளிக் குப்பையில போட்டுருங்க" என்றார் தலைமையாசிரியை.

முத்துப்பேச்சி அள்ளவில்லை. சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பத்துப் பெண் அவள். புருஷன் தவறிய பிறகு இங்கே கூட்டிப் பெருக்க வந்து ஆறு வருஷமாகிறது. சரித்திர டீச்சர் அமலராணி சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"செத்த பொறுங்கம்மா. நூலு நனைஞ்சா நாங்க தூக்கியா எறியுறோம்? எங்கிட்டக் குடுங்க, பாக்குறேன்."

பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பிப் படக்கட்டை அப்படியே மிதக்கவிட்டாள். ஊற ஊற ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தது. நிழலில் உலர்த்தி, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் போடுகிற மாதிரி அரிசிக் கஞ்சி காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து, பழைய வேட்டித் துணியைப் பின்னால் ஒட்டினாள். பதினோரு நாளில் முப்பத்தொரு படம் தேறியது.

அமலராணி கையால் எழுதி அடியில் ஒட்டியிருந்த தமிழ்ச் சீட்டுகளும் தண்ணீரில் கழன்றிருந்தன. அவற்றையும் முத்துப்பேச்சி அழகாகத் திருப்பி ஒட்டிவைத்தாள். வகுப்பில் முதல் படத்தை மாட்டியதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரமிடுக்கு அடியில் 'சீனப் பெருஞ்சுவர்' என்றிருந்தது.

முத்துப்பேச்சிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். கேட்டுட்டு ஒட்டியிருக்கணும்."

"தப்பு என்னோடதுதான், அக்கா. உங்களுக்குத் தெரியுமான்னு நான் ஒரு நாளும் கேக்கலையே" என்றாள் அமலராணி.

அன்று சாயங்காலமே இருவரும் சீட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பள்ளி விட்ட பிறகு தினம் அரை மணி நேரம் பாடம் நடந்தது. முத்துப்பேச்சி எழுத்துக்கூட்டி வாசித்த முதல் வார்த்தை 'பாபிலோன்'. தன் பேரை எழுதப் பழகியது அதற்கப்புறம்தான்.

ஒரு நாள், 'பண்டைய எகிப்தியர் வாழ்க்கை' என்ற படத்துக்கு முன்னால் அவள் அசையாமல் நின்றாள். கல்லறைச் சுவரில் தீட்டியிருந்த சித்திரத்தின் நகல் அது. இரண்டு பெண்கள் தரையில் குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தார்கள்.

"டீச்சர், இது தறி."

"தறியா? நான் பாய் முடையுறாங்கன்னுல்ல சொல்லிக்கிட்டு இருந்தேன்!"

"இல்ல டீச்சர். ரெண்டு பக்கமும் கட்டையில பாவு இழுத்துக் கட்டியிருக்கு பாருங்க. இவ குறுக்கால ஊடை நூலு கோக்குறா, அவ தட்டி இறுக்குறா. நாங்க குழியில கால விட்டு நெய்யுறோம், இவளுக தரையிலேயே போட்டிருக்காளுக. அம்புட்டுத்தான் வித்தியாசம். முதுகு விட்டுப்போகும், பாவம்."

மறுநாள் அமலராணி அவளை வகுப்புக்குக் கூப்பிட்டு, அதையே பிள்ளைகளிடம் சொல்லச் சொன்னாள். முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டே முத்துப்பேச்சி சொன்னாள். பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அதற்குப் பிறகு வருஷாவருஷம் அந்தப் படம் வரும் நாளில் அவளுக்கு அழைப்பு வந்தது.

அறுபத்திரண்டில் அட்டெண்டர் வேலை காலியானது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் என்றார்கள். முத்துப்பேச்சி தன் கையாலேயே மனு எழுதிக் கொடுத்தாள். தலைமையாசிரியை அதை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருஷம் கழித்து அமலராணி கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போனாள். முத்துப்பேச்சி வாழ்க்கையில் எழுதிய முதல் கடிதம் அவளுக்குத்தான். எழுதி முடிக்க நான்கு நாள் ஆனது.

"அன்புள்ள டீச்சருக்கு, நல்லா இருக்கேன். போன வாரம் பழனிக்குப் போனேன். எந்த பஸ் என்று யாரையும் கேட்கவில்லை, நானே போர்டு பார்த்து ஏறினேன். ஏறி உட்கார்ந்ததும் உங்களை நினைத்து அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டது. சந்தோசம்தான் என்று சொன்னேன்."