பித்தளைப் பாதை

காலை ஆறு மணி பத்து நிமிடம். கைவிளக்கின் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு நத்தை. உள்ளங்கை அளவு ஓடு, ஈரமான இரண்டு கொம்புகள், பின்னால் தண்டவாளத்தின் மேல் அது விட்டுவந்த பளபளப்பான கோடு. அக்கா அதை ஓட்டோடு தூக்கிச் சுவருக்கு அப்பால் இருந்த 'லோங்காங்'கில், அதாவது சாக்கடையில் போட்டாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதினாள்: "நத்தை ஒன்று. அகற்றப்பட்டது." எனக்குப் பதினொரு வயது. விளக்குப் பிடிப்பது என் வேலை. பள்ளி வேன் வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

"லைட்ட ஆட்டாதடி," என்றாள் அக்கா.

அந்தத் தண்டவாளம் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இருந்தது. எண்பதுகளின் நடுவில் அப்பா ஐம்பத்தைந்து வயதாகி ரயில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானில் 'தாமான்' எனப்படும் குடியிருப்பு ஒன்றின் மூலை வீட்டுக்கு வந்தோம். மூலை வீடு என்பதால் மூன்று பக்கமும் புல்தரை. வெண்டைக்கு ஒரு பாத்தி, துணி காயப்போட ஒரு கம்பி என்று அம்மா மனத்துக்குள் இடம் பிரித்து வைத்திருந்தாள். குடிவந்த முதல் வாரமே அப்பா முளைக்குச்சி அடித்து நூல் கட்டிவிட்டார். சமையலறை வாசலில் தொடங்கி, பக்கச் சுவரை ஒட்டி வளைந்து, முன்வாசல் கேட்டில் முடியும் ரயில்பாதை. நீளம் ஐம்பது மீட்டர்.

அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மிகக் குறைவு. எல்லாருக்கும் அவர் 'மண்டோர்'. தண்டவாளத்தைப் பராமரிக்கும் கூட்டம் ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர் என்று அதற்குப் பொருள். அசல் பாதையின் அகலம் ஒரு மீட்டர். அவர் போட்டது சரியாக அதில் பத்தில் ஒன்று. செங்கால் என்ற உறுதியான மரத்தின் துண்டுகளைப் பட்டறையிலிருந்து லோரியில் இறக்கி, சாண் நீளக் கட்டைகளாக அறுத்து, கறுப்பு எண்ணெயில் ஊறவைத்தார். கருங்கல் சல்லியை அம்மாவின் மாவுச் சல்லடையில் சலித்தார். சுங்கை வேயில் ஒரு பழைய சாமான் கடையில் எடுத்த கார் வைப்பர் மோட்டார்தான் இன்ஜினுக்கு உயிர். பிஸ்கட் தகரத்தை வெட்டி அதற்கு உடம்பு செய்தார். மோட்டார்சைக்கிள் பேட்டரி பின்பெட்டியில் உட்கார்ந்துகொண்டது. தண்டவாளத்துக்கு மட்டும் இரும்பு வேண்டாம், கிள்ளான் மழையில் ஆறு மாதம் தாங்காது என்று சொல்லிப் பித்தளைச் சட்டங்களை வாங்கினார். அசல் தண்டவாளம் நாற்பதடி என்றால் இது நாலடி. ஒவ்வொரு நாலடிக்கும் ஓர் இணைப்பு, இரண்டு பக்கமும் சேர்த்து எண்பத்துச் சொச்சம் இணைப்புகள். வெயிலில் உலோகம் நீளும் என்பதால் இணைப்புக்கு இணைப்பு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்ற பட்டியல் அவருக்கு மனப்பாடம். அதையும் பத்தால் வகுத்தார். சிகரெட் பெட்டி அட்டை இரண்டைச் சேர்த்து வைத்தால் அந்த அளவு வந்தது.

போட்டு முடிக்க ஒன்பது மாதம் ஆனது. பார்த்துக்கொள்வதற்கு முடிவே இருக்கவில்லை. இன்று அந்தப் பாதையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது தூக்கக் கலக்கம்தான். மழை பெய்தால் சல்லி கரையும், மறுநாள் அள்ளிப் போட வேண்டும். மழை இல்லாவிட்டால் செவ்வெறும்பு கட்டைகளுக்கு அடியில் புற்று வைக்கும். பக்கத்து வீட்டுப் பப்பாளி தன் இலைகளை எங்கள் பக்கமே உதிர்த்தது. பூனைகளுக்குச் சல்லி பிடித்துப் போயிற்று, ஏன் என்று சொல்லத் தேவையில்லை. புல் ஒரு வாரத்தில் தண்டவாளத்தின் தலை வரை ஏறும், அதைக் கையால்தான் பிடுங்க வேண்டும். அம்மா துணிக்கம்பியைக் கூரை ஓரத்துக்கு மாற்றிக்கொண்டாள். வெண்டை பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

இந்த வேலைகளில் பாதிக்குமேல் செய்தது என் அக்கா ஸ்டெல்லா. பத்தொன்பது வயது, பள்ளி முடித்து வீட்டில் இருந்தாள். நாங்கள் இருவரும் தினமும் காலையில் பாதையை முழுக்க நடந்து பார்க்க வேண்டும். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு இணைப்பையும் தட்டி, தளர்ந்த போல்ட்டை முடுக்கி, கண்டதை நோட்டில் எழுதி, அக்கா கீழே கையெழுத்துப் போடுவாள். காலைக் கோப்பியின்போது நோட்டு அப்பாவிடம் போகும். அவர் அதன் கீழ் 'மண்டோர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். முப்பது வருடம் அவர் செய்து வந்த முறை. அசல் பாதையில் நடந்து பார்த்தவன் எழுதியதன் கீழ் மண்டோரின் கையெழுத்து விழுந்துவிட்டால், அந்தப் பழுது மண்டோருக்குத் தெரியும் என்று ஆகிவிடும். பிறகு பொறுப்பு அவருடையது.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அக்கா சொன்னாள்: "அப்பா, அந்த இடைவெளிப் பட்டியல் இரும்புக்குப் போட்டதுதானே? நம்பளது பித்தளை. அது இன்னும் கூட நீளும். ரெண்டு அட்டை பத்தாது."

அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வாயில சொன்னா அது ரிப்போர்ட் இல்லம்மா. புக்குல எழுது."

மறுநாள் காலை அவள் எழுதினாள். அதற்கு அடுத்த நாள் எழுதியது ஒரே சொல்: "மேற்படி." அடுத்த நாளும் அதுவே. அப்பா கோப்பியை ஆற்றிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்த வாரங்களில் பிற்பகல் தோறும் மழை பெய்தது, பித்தளை சுடுவதற்கு வாய்ப்பே இல்லை. வண்டியை ஓட்டிப் பார்த்ததும் காலையிலும் மாலையிலும், அதுவும் துண்டு துண்டாகத்தான். பகல் இரண்டு மணிக்கு அப்பா தூங்குவார்.

அக்கா ஏன் இன்னொரு முறை வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் இருந்தது. பினாங்கில் தாதிப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. விண்ணப்பப் பாரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டு, ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைக்குள் அது அங்கே போய்ச் சேர வேண்டும். அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. "லைன் திறக்கட்டும், அப்பறம் பாப்போம்," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இடைவெளி போதாது என்று அவர் ஒப்புக்கொண்டால் எண்பத்துச் சொச்சம் இணைப்புகளையும் கழற்ற வேண்டும், திறப்பு தள்ளிப்போகும், வெள்ளிக்கிழமை கடந்துவிடும். ஒப்புக்கொள்ளாமல் திறந்து, ஏதாவது ஆகிவிட்டாலும் அதே கதிதான். பாரம் அலமாரியில் மடித்த சேலைகளுக்கு நடுவே இருந்தது.

"அவள என்னா உங்க கேங்குல சேத்துட்டீங்களா?" என்று அம்மா ஒரு முறை கேட்டாள். "சம்பளம் இல்ல, லீவும் இல்ல."

அப்பா செய்தித்தாளைத் திருப்பினார்.

திறப்பு அந்த வெள்ளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதுக்கு என்று இருந்ததை, பங்குச் சாமியாருக்கு ஞானஸ்நானம் ஒன்று வந்துவிட்டதால் இரண்டரைக்கு மாற்றினார்கள். அன்று மழை இல்லை. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அப்பாவோடு வேலை செய்த ஏழெட்டுப் பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சாலாக் செலாத்தானிலிருந்து வந்த முத்தையா அங்கிள்தான் அவர்களில் வாயாடி. சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும் முத்தையா அங்கிள் தன் சட்டைப் பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைக்கப் போனார்.

"யோவ், சக்கரத்த விட பழம் பெருசா இருக்கு. ஏறாதுய்யா," என்றார் அப்பா.

"அப்ப எந்த மாதிரி இன்ஜின்லா இது, மண்டோரே? எலுமிச்சம்பழத்துக்குப் பயப்படுது!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பழங்களை அம்மாவிடம் கொடுத்து சிராப் சர்பத்தில் பிழியச் சொன்னார். பிறகு ரயில்வே தொப்பியைச் சரிசெய்துகொண்டு பச்சைக்கொடி காட்டினார்.

இன்ஜின் சமையலறை வாசலிலிருந்து கிளம்பியது. மூன்று பெட்டிகள், அதில் ஒன்றில் யாரோ ஒரு குழந்தையின் பொம்மை. பக்கச் சுவர் பக்கம் திரும்பும்வரை கைதட்டல் கேட்டது. அங்கே தண்டவாளம் நேராக இல்லை. கட்டைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, பாம்பு நெளிந்தது போல இரண்டு விரல் அகலம் வெளியே பிதுங்கியிருந்தது. இன்ஜின் அதன் மேல் ஏறி, ஒரு கணம் யோசிப்பது போல நின்று, சாய்ந்து, புல்லில் விழுந்தது. வைப்பர் மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"புக்கக் கொண்டா, புக்கக் கொண்டா!" என்றார் முத்தையா அங்கிள். வண்டி கவிழ்ந்தால் முதலில் கேட்பது நோட்டைத்தான். அது அவர்களுக்குள் பழைய விளையாட்டு. "இன்னிக்கு யாரு பேட்ரோல்னு பாப்போம். ஆளத் தூக்கி பத்து தீகா போட்டுருவோம்!" பேட்ரோல் என்றால் பாதையை நடந்து பார்ப்பவர். பத்து தீகா கிள்ளான் லைனில் அடுத்தடுத்து வேலை வைக்கும் இடம், அங்கே மாற்றலாகிப் போக யாரும் விரும்ப மாட்டார்கள்.

நான்தான் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் நாடகக்காரர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு அன்றைய தேதியைத் தேடினார். "மேற்படி," என்று உரக்கப் படித்தார். "என்னாது மேற்படி?" ஒரு பக்கம் பின்னால் போனார். "மேற்படி. மேற்படி. மேற்படி." சிலர் சிரித்தார்கள். இன்னொரு பக்கம் திருப்பினார். அங்கே அக்காவின் முதல் நாள் எழுத்து இருந்தது. அதையும் உரக்கத்தான் தொடங்கினார்: "தண்டவாளம் பித்தளை. வெயிலில் இரும்பைவிட அதிகம் நீளும். இடைவெளி போதாது. பக்கச் சுவர் நேர்ப்பகுதியில் பிதுங்கும்." கடைசிச் சொல்லுக்கு வரும்போது குரல் இறங்கிவிட்டது. ஒவ்வொரு பதிவின் கீழும் அப்பாவின் கையெழுத்து இருந்தது. மொத்தம் பத்தொன்பது. அவர் நோட்டை மூடி அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா வாங்கித் திறந்து பார்த்தார். "என் கையெழுத்துதான்," என்றார்.

அக்கா சிராப் ஜாடியோடு அடுக்களைப் படியில் நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அம்மா எல்லாருக்கும் மீ கோரேங் பரிமாறினாள். நான்கு மணிக்குள் வீடு காலியாகிவிட்டது.

மறுநாள் காலை வழக்கம்போல நாங்கள் நடந்துவிட்டு வந்தபோது அப்பா மேசையில் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். நோட்டை வாங்கிப் படித்தார், பிறகுதான் கையெழுத்துப் போட்டார். "அந்தப் பாரத்தையும் எடுத்துட்டு வாம்மா," என்றார்.

மலாய் மொழியில் அச்சிட்ட நான்கு பக்கம். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். எனக்கு வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது, யாரும் என்னை அனுப்பவில்லை.

"இது என்னா, அஞ்சு வருஷம் கவர்மெண்ட்லயே வேலை செய்யணுமா?"

"ஆமாப்பா."

"புடிக்கலன்னா பாதியில வந்துரலாமா?"

"வர மாட்டேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நாலாவது பக்கத்தை முடித்துவிட்டு, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். மணி எட்டாகப் போயிருந்தது.

அன்று அவர் மத்தியானம் தூங்கவில்லை. தொப்பியோடு பக்கச் சுவர் ஓரம் நின்று, இணைப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்வதைக் கைக்கடிகாரத்தோடு பார்த்தார். மாலையில், "எத்தன அட்டை விடணும்?" என்று அக்காவைக் கேட்டார். அவள் கணக்குப் போட்டு மூன்று என்றாள். அவள் கிளம்புவதற்கு இருந்த பன்னிரண்டு நாளில் இருவரும் சேர்ந்து ஏறக்குறைய பாதி இணைப்புகளைத் திருத்தினார்கள். அளவு சொல்வதைத் தவிர அதிகம் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

பட்டர்வொர்த் வண்டியில் ஏற்றிவிடப் போனோம். அம்மா ஜன்னல் வழியாகச் சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்து, "அங்க போய் மெலிஞ்சிராத," என்றாள். அப்பா பிளாட்பார விளிம்பில் நின்று கீழே இருந்த தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்த பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதி இணைப்புகளில் அவருக்குத் துணை நான். பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு, நல்ல வெயிலில், வண்டி சமையலறை வாசலிலிருந்து கேட் வரை நிற்காமல் போனது. நாலரை நிமிடம் பிடித்தது. பார்த்தவர்கள் அப்பா, அம்மா, நான், கேட்டுக்கு வெளியே நின்ற தபால்காரர்.

அக்கா முதல் விடுப்பில் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நான்கு நாளும் மழை. சமையலறைப் பக்கம் சல்லி மொத்தமும் அடித்துக்கொண்டு போயிருந்தது. அடுத்த வருடம் மோட்டார் கருகியிருந்தது. அதற்குப் பொருந்தும் மோட்டாருக்காக அப்பா பல கடைகள் ஏறி இறங்கினார். பிறகு அவருக்கு முட்டி வலி வந்தது. காலை நடை எனக்கு மட்டும் ஆனது, நான் ஐந்தாம் படிவம் போனபோது அதுவும் நின்றது. கட்டைகளைப் புல் மூடியது. பித்தளையை அப்பாவே ஒரு விடுமுறை நாளில் கழற்றிக் கட்டி, பழைய சாமான் வாங்கும் 'பேப்பர் லாமா' லோரிக்காரரிடம் தூக்கிக் கொடுத்தார்.

போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன். மூலை வீட்டின் மூன்று பக்கமும் சிமெண்ட் போட்டு, தகரக்கூரை இறக்கி, இரண்டு கார்கள் நிறுத்தியிருக்கிறார்கள். பப்பாளி நின்ற இடத்தில் தண்ணீர்த் தொட்டி. கிள்ளான் வழி இப்போது மின்சார ரயில். தண்டவாளத் துண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைத்துவிட்டதால் நான் சிறுமியாகக் கேட்ட 'தடக் தடக்' பெரும்பாலும் இல்லை. அப்பாவும் அம்மாவும் இல்லை. அக்கா முப்பத்தைந்து வருடம் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, பட்டர்வொர்த்திலேயே இருக்கிறாள்.

அந்தப் பாதையில் வண்டி ஒரு முறையாவது முழுதாக ஓடியதை அவள் பார்த்ததில்லை.