எஞ்சின் நிற்காத இரவு

எங்கள் ரப்பர் தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு எஞ்சின் நின்றுவிடும். எஞ்சின் நின்றால் கரண்டும் போய்விடும். புக்கிட் செலம்பாவ் பெரிய ரோட்டில் அரசாங்க மின்சாரம் வந்து எத்தனையோ வருஷமாகியும், உள்ளே தள்ளியிருந்த எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு எண்பதுகளின் கடைசியிலும் தோட்டத்து எஞ்சின்தான் கதி. மாலை ஆறு மணிக்கு அது இருமத் தொடங்கும். அதற்குப் பிறகு கிடைக்கும் வெளிச்சத்தில் சமையல், படிப்பு, சண்டை எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும். இந்த லட்சணத்தில் என் அண்ணன் வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்.

அண்ணன் வெளிநாட்டில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர். ஆய்வைக் கையால் எழுதி முடித்த சமயத்தில் சிறுநீரகம் இரண்டும் கெட்டு ஊர் திரும்பினார். டாக்டர்கள் நாள் எதுவும் குறிக்கவில்லை. ஆனால் அவரிடம் யாரும் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசவும் இல்லை. பால்மரம் வெட்டி அவரைப் படிக்க வைத்த அம்மா, அவர் முன்னால் அழுவதில்லை என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார். அண்ணனுக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றுதான். அந்த ஆய்வை ஒழுங்கான எழுத்தில், புத்தகம் மாதிரி, கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

சுங்கை பட்டாணியில் தட்டச்சு செய்து கொடுக்கும் ஓர் அக்காவிடம் நான்தான் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எழுத்துன்னா அடிச்சுக் குடுப்பேன் தங்கச்சி. இது என்னலா, புழு பூச்சியெல்லாம் ஊருது?"

பிறகுதான் அண்ணனோடு படித்த சிநேகிதர் ஒருவர் தபாலில் ஒரு பெட்டி நிறைய ஃபிளாப்பி அனுப்பினார். எப்பேர்ப்பட்ட கணக்குக் குறியையும் அச்சுப் பக்கமாக அமைத்துத் தரும் மென்பொருள். ஆனால் போட்டவுடன் ஓடுகிற சாமான் இல்லை, அதன் மூல நிரல் மட்டும்தான். "மாவு வரலம்மா, அரிசிதான் வந்திருக்கு. நாமதான் அரைச்சுக்கணும்" என்று அண்ணன் அம்மாவுக்கு விளக்கினார். "அப்ப ஆட்டுக்கல்லு எங்க?" என்று கேட்டார் அம்மா. ஆட்டுக்கல்லுக்குப் பினாங்கு வரை ஆள் விட்டு, யாரோ தூக்கிப்போட இருந்த பழைய கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் வரவழைத்தோம்.

அண்ணனுக்கு விரல்கள் வீங்கியிருந்ததால் தட்டுவது என் வேலை. தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து, குளித்த ஈரத்தலையோடு உட்காருவேன். அவர் பக்கத்தில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நிரலைத் திருத்துவேன். அதில் அமெரிக்கத் தாளின் அளவு இருந்தது. அதை அழித்து நம் ஊர்த் தாளின் அளவைப் போட்டோம். எங்கள் பிரிண்டரின் ஊசி எவ்வளவு நெருக்கமாகப் புள்ளி வைக்கும் என்பதையும் அதற்குச் சொல்லிக் கொடுத்தோம். ஒரு அரைப்புள்ளியை நான் விட்டுவிட்டால் திரை முழுக்கப் பிழைச் செய்தி கொட்டும். "தொழிற்சாலையிலயும் இப்படித்தான் வேலை பாக்குறியா?" என்பார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். எழுந்து போய்விடுவேன். கரண்ட் போய்விடுமே என்ற பயத்தில் உடனே திரும்பியும் வந்துவிடுவேன்.

நிரல் பல துண்டுகளாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஒரு மாலையில் எத்தனை துண்டு அரைபட்டுக் கம்பைல் ஆகுமோ அத்தனையை முடிப்போம், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். இப்படியே ஒரு மழைக்காலம் ஓடியது. மிஞ்சியது கடைசி வேலை. கணக்குக் குறிகள் அனைத்தையும் எங்கள் பிரிண்டருக்கு ஏற்றபடி புள்ளி புள்ளியாக வரைந்தெடுக்க வேண்டும். அதைத் துண்டாக்க முடியாது. கடைசிக் குறியை வரைந்த பிறகுதான் அது எதையும் சேமிக்கும். எங்கள் கிழட்டு கம்ப்யூட்டரோ எஞ்சின் ஓடும் நேரத்துக்குள் பாதியைத்தான் தாண்டியது. பத்து மணிக்கு எல்லாம் போய்விடும். இருட்டில் அண்ணன் மூச்சு விடுவது மட்டும் கேட்கும்.

எஞ்சின் பார்க்கும் ஆளிடம் போய் ஒரே ஒரு ராத்திரி நிறுத்தாமல் விடும்படி கெஞ்சினேன். அவர் நல்ல மனுஷன். எங்கள் வீட்டுக்கே வந்து அண்ணனிடம் நிலைமையைச் சொன்னார்.

"என் கையில இல்ல தம்பி. ஆபீஸ் கிராணி என்ன வேலைய விட்டே தூக்கிடுவாரு. கல்யாணம், கோயில் திருவிழா..." என்று ஆரம்பித்தவர் மூன்றாவதைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். விடிய விடிய எஞ்சின் ஓடும் மூன்றாவது காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அண்ணன் சிரித்தார். "அப்ப பாப்பாவுக்கு மாப்பிள்ள பாத்துடலாம்லா. தாலி கட்டுறப்ப நம்ம வேலையும் முடிஞ்சிடும்."

நாங்கள் சிரித்தோம். அம்மா மட்டும் அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

திருவிழா வந்தது. நாங்கள் வேதக்காரர்கள், ஆனாலும் அந்த வருஷம் அம்மன் கோயில் திருவிழாவை எங்களைப் போல் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தீமிதி அன்று ஆறு மணிக்கே கம்ப்யூட்டரை ஓட விட்டுவிட்டுக் காத்திருந்தோம். பத்து மணி தாண்டியும் விளக்கு எரிந்தபோது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கோயிலில் சீரியல் விளக்கும் மைக் செட்டும் உச்சத்தில் இருந்தன. லயத்தில் உறவுக்காரர்கள் நிரம்பி, எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் ஓடின. கிழட்டு எஞ்சின் திணறியது. பல்பு மங்கி, பழுத்து, மறுபடி எரிந்தது. திரை கறுத்து, எல்லாம் அழிந்து, முதலிலிருந்து தொடங்கியது; விடியும்வரை இதே கதைதான். மேளச் சத்தத்தில் நான் வாய்விட்டு அழுதேன். அம்மன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தப் பாதிரியாரிடமும் சொல்ல முடியாது.

சுங்கை பட்டாணியில் சித்தப்பா வீடு இருக்கிறது, அங்கே கரண்ட் நிற்காது, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஓட விட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அண்ணனால் அப்போது காரில் உட்கார முடியாத நிலை.

"வேணாம் பாப்பா. நான் இல்லாத எடத்துல அது ஓடக் கூடாது" என்றார். பிடிவாதக்காரர். இவ்வளவு நாள் காத்திருந்ததே அதைப் பார்க்கத்தான், பார்க்காமல் ஓடி என்ன பயன் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

சில வாரங்களில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரியில் அண்ணன் போய்விட்டார். சாயங்காலம் கொண்டுவந்து நடுவீட்டில் கிடத்தினார்கள். ஜெபமாலை சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எதுவும் எனக்குள் போகவில்லை.

அம்மா என் தோளைத் தொட்டார். "மணி பத்தாயிருச்சு. கரண்டு நிக்கல, பாத்தியா?"

நிமிர்ந்து பார்த்தேன். தலைக்குமேல் பல்பு ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. சாவு விழுந்தால் எங்கள் லயத்தில் யாரும் டிவி, ரேடியோ போட மாட்டார்கள். சாவு வீட்டுக்குச் செய்யும் மரியாதை அது. அன்று எஞ்சின் எங்கள் வீட்டுக்காக மட்டும் ஓடியது.

"போயி அதப் போட்டு வுடு" என்றார் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னம்மா பேசுறீங்க? அண்ணன் இல்லாம அது ஓடக் கூடாதுன்னு அவரே சொன்னாரு."

"அவன் எங்க இல்ல? நடுவீட்லதான் இருக்கான்." அம்மாவின் குரல் அங்கேதான் உடைந்தது. "நாளைக்குத்தான் இருக்க மாட்டான். இன்னிக்கே போடு."

உள்ளறைக்குப் போய்ப் போட்டுவிட்டேன். வெளியே பாட்டுச் சத்தம், உள்ளே கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சல். கோழி கூவும் நேரத்தில் திரையில் ஒரு வரி வந்து நின்றது. பிழை எதுவும் இல்லை.

அவர் ஏற்கனவே என்னைத் தட்டச் சொல்லி வைத்திருந்த முதல் அத்தியாயத்தை ஓட விட்டேன். பிரிண்டர் சாவு வீடென்று பாராமல் கிறீச்சிட்டது. பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தாளின் நடுவில் புழுவும் பூச்சியும் அழகழகாய், வரிசை தப்பாமல் நின்றன. எனக்கு அதில் ஒன்றுகூடப் புரியாது. அதைப் படித்துச் சரி, தப்பு சொல்ல அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒருவர்தான்.

தாளைக் கிழித்துக்கொண்டு நடுவீட்டுக்கு ஓடினேன். "அண்ணே, வந்திருச்சுண்ணே! பாருங்கண்ணே!" என்று அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று நினைத்துப் பெண்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

"விடுங்க அவள" என்றார் அம்மா. "அவன் பாக்கட்டும்."