கதவடியில் தெரிந்த பாதங்கள்

என் அம்மா பெரிய எழுத்தாளர். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், ஆனாலும் உண்மை. முன்பின் தெரியாதவர்கள்கூடக் கடைத்தெருவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை குளியலறை. அம்மா அங்கேதான் எழுதுவாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு. அப்பா தோளில் துண்டோடு கதவைத் தட்டுவார்.

"கதாநாயகன் இன்னும் சாகலியா? எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு."

"சாகடிச்சிட்டு வரேன், இருங்க."

நான் தட்டமாட்டேன். தரையில் குப்புறப் படுத்துக் கதவடி இடுக்கில் கண்ணை வைப்பேன். அம்மாவின் பாதங்கள் தெரியும். கதை ஓடாவிட்டால் அசையாமல் கிடக்கும். ஓட ஆரம்பித்தால் வலது கட்டைவிரல் ஆடும். உடனே எழுந்து போய் அப்பாவை மடக்கிவிடுவேன். "கதை சூடுபிடிச்சா எனக்கு வெளிச் சத்தமே கேக்காது" என்று அம்மா பேட்டிகளில் சொல்வாள். எப்படிக் கேட்கும்?

அவள் வாழ்க்கையைக் குழந்தைகளுக்குப் படப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகம் முன்வந்தது. படம் வரைகிற அக்கா வீட்டுக்கு வந்து, "எங்க உக்காந்து எழுதுவீங்க?" என்று கேட்டதுதான் தாமதம், அம்மா அசடு வழியச் சாப்பாட்டு மேசையைக் காட்டினாள். அதன்மேல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பூச்சாடி வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் புத்தகம் என் பள்ளிக்கூடத்துக்கும் வரும். அதில் யாரோ ஒரு சீமாட்டி பூச்சாடியோடு உட்கார்ந்திருப்பாள். என் அம்மா எங்கே?

"பொய்! அம்மா பாத்ரூம்லதான் எழுதுவாங்க" என்று போட்டு உடைத்தேன்.

"மானத்த வாங்காதடி. வாளி மேல உக்காந்து எழுதறவள யார் மதிப்பா?"

"நான் மதிக்கிறேன்ல?" அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எல்லாரும் கதவத் தட்டத் தட்ட நீ எழுதினியேம்மா. அத எதுக்கு மறைக்கிற?"

அந்த அக்கா சிரிக்கவில்லை. "கதவு சாத்தியிருக்குமே, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். படுத்துக் காட்டினேன். அவரும் பக்கத்தில் படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அம்மா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்த் தாழ்போட்டாள். பாதங்கள் வெகுநேரம் சும்மா கிடந்தன. பிறகு கட்டைவிரல் ஆடியது. நிஜமாகவே எழுத ஆரம்பித்துவிட்டாள்!

அச்சாகி வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அம்மாவின் முகமே இல்லை. கதவடி இடுக்கு, வாளியின் விளிம்பு, இரண்டு பாதங்கள், தூக்கிய கட்டைவிரல். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன நாளும் நீ அங்கயா இருந்த?"

"ஆமா. விரல் ஆடினா அப்பாவ மடக்கணும்ல?"

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மறுநாள் நான் தரையில் படுத்ததும் தாழ்ப்பாள் திறந்தது. "எந்திரி, தரை சில்லுனு இருக்கு. உள்ள வா" என்றாள். அவள் வாளிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாளியும் கவிழ்ந்திருந்தது.